மருந்து முடிந்த பிறகும் சலக்கடுப்பு தொடர்ந்தால்

பாலியல் தொற்று ஒன்றுக்கு மருந்து எடுத்து முடித்தாயிற்று. கசிவும் நின்றுவிட்டது. ஆனால் சலம் போகும்போது எரிவு போகவில்லை. அடிவயிறு கனக்கிறது. ஆணென்றால் விதைப்பைக்கும் மலவாசலுக்கும் இடையில் ஓர் உளைவு. பெண்ணென்றால் இடுப்புக்குள் ஒரு நோ, மாதவிடாய் நாட்களில் அது இன்னும் கூடுகிறது. போய்வந்து கொஞ்ச நேரத்திலேயே மறுபடியும் சலம் முட்டுகிறது. இப்படியே வாரங்கள் மாதங்களாகின்றன. வீட்டில் சொல்ல வழியில்லை. பழைய தொற்றுத்தான் உள்ளே இருந்து அரிக்கிறது என்ற பயம் நித்திரையையும் கெடுக்கிறது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இந்த நிலையில் இருப்பவர் பெரும்பாலும் சொந்த ஊரைத் தாண்டி, தன் முகம் தெரியாத மருந்துக்கடை ஒன்றைத் தேடிப் போகிறார். “சலக்கடுப்புக்கு ஏதாவது தாங்கோ” என்று கேட்டு, முன்பு எடுத்த அதே அன்ரிபயோட்டிக்கை வாங்கி விழுங்குகிறார். இரண்டு நாள் சுகம் போலத் தெரியும், பிறகு பழைய நிலை. அடுத்த முறை வேறு கடை, வேறு குளிசை.

இந்தச் சுற்றிலிருந்து வெளியே வர ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: கிருமி இன்னும் உள்ளே இருக்கிறதா, இல்லையா? இருந்தால் அதற்குரிய சரியான மருந்து வேண்டும். இல்லாவிட்டால் எத்தனை அன்ரிபயோட்டிக் விழுங்கியும் பயனில்லை, அப்போது வைத்தியமே வேறு. இரண்டிலும் எரிவும் நோவும் ஒரே மாதிரித்தான் இருக்கும். ஆகவே உணர்வை வைத்து ஊகிக்க முடியாது. பரிசோதித்துத்தான் அறிய வேண்டும்.

முதலில் நாட்கணக்கு

சரியான மருந்து எடுத்தவுடன் எல்லாம் நின்றுவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். பாலியல் தொற்றுகளில் கொனோரியாவின் சீழ்க்கசிவு சில நாட்களில் அடங்கும். கிளமிடியாவின் எரிவு ஒரு வாரம், சிலருக்கு இரண்டு மூன்று வாரம்கூடச் செல்லும். கிருமி செத்தாலும் புண்பட்ட சலக்குழாயின் உட்தோல் ஆறுவதற்கு நேரம் வேண்டும். நாளுக்கு நாள் குறைந்துகொண்டு வந்தால் பொறுத்திருக்கலாம்.

மருந்து முடிந்து இரண்டு மூன்று வாரமாகியும் குறையாவிட்டால், அல்லது குறைந்தது மறுபடி கூடினால், திரும்பவும் காட்ட வேண்டும். மூன்று மாதத்தைத் தாண்டிய இடுப்பு நோவை வைத்தியர்கள் நாட்பட்ட நோ என்ற வகையில் வைத்துப் பார்ப்பார்கள். அந்த எல்லை வரை காத்திருக்கத் தேவையில்லை.

கிருமி தங்கிவிடும் வழிகள்

முதலாவது, துணையிடமிருந்து திரும்பி வருவது. நீங்கள் மருந்து எடுத்தீர்கள், உங்கள் துணை எடுக்கவில்லை. கிளமிடியா தொற்றிய பெண்களில் பெரும்பாலானோருக்கு எந்த அறிகுறியும் இருப்பதில்லை. ஆண்களிலும் பலருக்கு அப்படித்தான். “அவவுக்கு ஒரு கரைச்சலும் இல்லை” என்பதால் தொற்று இல்லை என்றாகாது. இருவரும் மருந்தை முடிக்கும் வரை உறவைத் தவிர்க்க வேண்டும். ஒரே தடவையில் கொடுக்கும் மருந்தென்றால் அதன் பிறகு ஏழு நாட்கள் தவிர்க்க வேண்டும்.

இரண்டாவது, ஒன்றுக்கு மருந்து எடுத்து மற்றதை விட்டுவிடுவது. கொனோரியாவும் கிளமிடியாவும் ஒரே ஆளில் சேர்ந்து இருப்பது வழமை. கொனோரியாவுக்கு ஊசி போட்டுச் சில நாட்களில் சீழ் நின்றுவிடும், கிளமிடியா தங்கி நின்று எரிச்சலைத் தரும்.

மூன்றாவது, மருந்துக்கு மசியாத கிருமி. முன்பு கொனோரியாவுக்குக் கைகண்ட மருந்தாக இருந்த சிப்ரோபுளொக்சசின் ஆசிய நாடுகள் பலவற்றில் இன்று அதன்மீது வேலை செய்வதில்லை. அதனால்தான் வைத்தியர்கள் செப்ட்ரியாக்சோன் ஊசியைத் தெரிவுசெய்கிறார்கள். கடையில் வாங்கிய குளிசையால் கொனோரியா மாறாமல் போவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

நான்காவது, பலர் பெயரே கேள்விப்படாத மைக்கோபிளாஸ்மா ஜெனிட்டாலியம். 1980இல் லண்டனில், கொனோரியா இல்லாமலே சலக்குழாய் அழற்சி இருந்த இரண்டு ஆண்களிடமிருந்து இது முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டது. இந்தக் கிருமிக்குக் கலச்சுவர் கிடையாது. கலச்சுவரைத் தாக்கும் அமொக்சிசிலின், செபிக்சிம் போன்றவை இதை ஒன்றும் செய்யா. டொக்சிசைக்கிளின் தனியே கொடுத்தால் பெரும்பாலும் முழுதாக அழியாது. அசித்ரோமைசினுக்கும் இது பல நாடுகளில் பழகிவிட்டது. வழக்கமான மருந்துக்குப் பிறகும் எரிவு விடாத ஆண்களிடம் வைத்தியர் முதலில் சந்தேகிக்கும் கிருமிகளில் இதுவும் ஒன்று.

ஐந்தாவது ட்ரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி. மேலே சொன்ன அன்ரிபயோட்டிக்குகள் எவையும் இதற்கு மருந்தல்ல. மெட்ரோனிடசோல் வகை மருந்துதான் வேண்டும். சலக்குழாய்க்குள் வரும் ஹேர்ப்பீஸ் புண்ணும் வெளியே தெரியாமல் எரிவைத் தரும். அது வைரசு என்பதால் அதற்கும் அன்ரிபயோட்டிக் உதவாது.

எங்கே போவது, எதைச் சோதிப்பது

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் பாலியல் நோய் சிகிச்சை நிலையம் இயங்குகிறது. சுகாதார அமைச்சின் தேசிய பாலியல் நோய், எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் கீழ் நாடெங்கும் உள்ள நிலையங்களில் இதுவும் ஒன்று. இங்கே போக வேறு வைத்தியரின் கடிதம் தேவையில்லை. பரிசோதனையும் மருந்தும் இலவசம். உங்கள் விபரம் இரகசியமாகக் காக்கப்படும். திருமணமாகாதவர் என்றோ, உறவு யாருடன் என்றோ தயங்கி நிற்க வேண்டாம். அந்தக் கேள்விகளைக் கேட்பது எந்த இடத்திலிருந்து மாதிரி எடுப்பது என்று தீர்மானிக்கத்தான்.

இந்தச் சேவையின் தரத்தைப் பற்றி ஒரு சொல். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வியும் சிபிலிசும் பரவுவதை ஒழித்த நாடாக இலங்கையை உலக சுகாதார நிறுவனம் 2019இல் அங்கீகரித்தது. அந்தப் பணியில் முன்னின்றவை இந்த நிலையங்களும் கர்ப்பிணிக் கிளினிக்குகளும்தான். யாரும் கண்டுவிடுவார்கள் என்ற பயத்தில் இப்படிப்பட்ட ஒரு சேவையைத் தவறவிடாதீர்கள். போதனா வைத்தியசாலை வாசலில் ஒவ்வொரு நாளும் ஆயிரம் காரணங்களுக்காகச் சனம் நிற்கிறது.

போகுமுன் மூன்று விடயங்களைக் கவனியுங்கள். ஆண்கள் பரிசோதனைக்கு முன் குறைந்தது இரண்டு மணி நேரம், முடிந்தால் நான்கு மணி நேரம், சலம் போகாமல் இருக்க வேண்டும். போனால் மாதிரி கழுவுண்டுவிடும். சலம் கொடுக்கச் சொன்னால் கிளமிடியாவுக்குத் தேவை முதலில் வரும் சலம், சாதாரண சலத்தொற்றுக்குத் தேவை நடுவில் வரும் சலம். எது என்று கேட்டுக்கொண்டு கொடுங்கள். போவதற்கு முன் வீட்டில் கிடக்கும் அன்ரிபயோட்டிக்கை ‘ஒரு பாதுகாப்புக்கு’ என்று விழுங்காதீர்கள். அது நோயை மாற்றாமல் சோதனை முடிவை மட்டும் மாற்றிவிடும்.

சாதாரண சலக் கல்ச்சர் பரிசோதனையில் கிளமிடியாவோ மைக்கோபிளாஸ்மாவோ வளராது. “கல்ச்சரில் ஒன்றும் இல்லை” என்ற துண்டு இந்தக் கிருமிகள் இல்லை என்பதற்குச் சான்றாகாது. இவற்றைக் கண்டுபிடிப்பது கிருமியின் மரபணுவைத் தேடும் பரிசோதனை, கொவிட் காலத்தில் எல்லோருக்கும் பழகிய பி.சி.ஆர் வகை. ஆனால் அதை மருந்து முடிந்த கையோடு செய்தால் செத்த கிருமியின் எச்சத்தையும் காட்டிவிடும். அதனால் மூன்று நான்கு வாரம் கழித்துச் செய்வதே நல்லது. எந்தப் பரிசோதனை இங்கே கிடைக்கும், எதற்கு மாதிரியை வெளியே அனுப்ப வேண்டும் என்பதை நிலையத்து வைத்தியரிடமே கேளுங்கள். மாதிரியை நுணுக்குக்காட்டியில் பார்த்துச் சீழ்க்கலங்கள் உண்டா என்று சொல்வது எளிய சோதனை, ஆனால் அதன் பெறுமதி பெரிது. சீழ்க்கலம் இருந்தால் அழற்சி உண்மையில் உண்டு. இல்லையென்றால் வேறு காரணம் தேட வேண்டும்.

கல்ச்சர் வெறுமையாக இருந்தும் சலத்தில் சீழ்க்கலம் தொடர்ந்து வந்தால், வைத்தியர் சலத்தொகுதிச் சயரோகத்தையும் நினைப்பார். சலரோகம் இருக்கிறதா என்று இரத்தமும் பார்ப்பார். சுண்ணாம்புக்கல் நிலத்தின் வன்னீரைக் குடித்து வெயிலில் வேலை செய்யும் தோட்டக்காரருக்குக் கடுப்பு கல்லாலும் வரலாம். தொற்று ஒருமுறை வந்தது என்பதற்காக அதன் பிறகு வரும் எல்லா நோவுக்கும் அதுவே காரணமாகாது.

அதே பயணத்தில் எச்.ஐ.விக்கும் சிபிலிசுக்கும் இரத்தம் கொடுங்கள். இப்போதுள்ள எச்.ஐ.வி. ஆய்வுகூடப் பரிசோதனை, ஆபத்தான உறவு நடந்து 45 நாட்கள் கடந்த பின் நம்பகமான விடை தரும். சிபிலிசுக்கு மூன்று மாதம் கழித்து ஒருமுறை பார்த்தால் முழுத் தெளிவு கிடைக்கும். நோவை விட இந்தச் சந்தேகத்தால் வாடுபவர்கள் பலர். விடை கைக்கு வந்ததும் பாதிப் பாரம் இறங்கும்.

கிருமி இல்லை, நோ இருக்கிறது

எல்லாப் பரிசோதனையும் சுத்தம். துணையும் மருந்து எடுத்தாயிற்று. ஆனாலும் நோகிறது. அப்படியென்றால் இது மனப்பிரமையா? இல்லவே இல்லை.

ஆண்களில் இதற்கு நாட்பட்ட சுக்கிலச்சுரப்பி அழற்சி, நாட்பட்ட இடுப்பு நோ என்று பெயர் உண்டு. 1990களில் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவகங்கள் இந்த நோய்களை நான்கு வகையாகப் பிரித்தன. பக்டீரியா காணப்படாத மூன்றாம் வகையில்தான் பத்தில் ஒன்பது பேர் அடங்குகிறார்கள். அதாவது இந்த நோவுடன் வருபவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு அன்ரிபயோட்டிக் தேவைப்படும் கிருமியே இல்லை.

பிறகு எப்படி நோகிறது? சலப்பை, சலக்குழாய், மலவாசல் எல்லாவற்றையும் கீழிருந்து தாங்கி நிற்பது இடுப்புத்தளத் தசை. தொற்றுக் காலத்தில் எரிவுக்குப் பயந்து நாம் அறியாமலே அந்தத் தசையை இறுக்கிப் பிடிக்கிறோம். பயமும் வெட்கமும் இறுக்கத்தைக் கூட்டுகின்றன. மாதக்கணக்கில் இறுகிய தசை தானே நோகும். அருகில் ஓடும் நரம்புகளும் எளிதில் தூண்டப்படும். கள்ளன் போன பிறகும் விடியும் வரை குரைக்கும் நாயைப் போல, கிருமி போன பிறகும் நரம்பு எச்சரித்துக்கொண்டே இருக்கும். ஆண்குறி நுனியில் எரிவு, விந்து வெளியேறிய பின் நோ, விதையில் இழுவை, சலம் முழுதாகப் போகாத உணர்வு, இருந்தால் கூடி நடந்தால் குறையும் நோ ஆகியவை இதன் வழமையான முகங்கள்.

ஒரு சோதனை இப்போதே செய்து பாருங்கள். அடிவயிறும் மலவாசலும் இறுகியிருக்கின்றனவா? தளர்த்தியதும் கொஞ்சம் கீழே இறங்குவது போல உணர்ந்தால், இதுவரை இறுக்கிப் பிடித்திருந்தீர்கள் என்று விளங்கும்.

இதற்கு வைத்தியம் உண்டு. தசையைத் தளர்த்தப் பழக்கும் இயன்மருத்துவம் அதில் முதன்மையானது. சலப்போக்கை இலகுவாக்கும் மருந்துகளும், நரம்பு நோவுக்குக் குறைந்த அளவில் கொடுக்கும் அமிட்ரிப்டிலினும் சிலருக்கு உதவும். அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கும் பயன்படும் மருந்து என்பதால், அதை எழுதித் தந்தவர் உங்களை மனநோயாளி என்று நினைத்தார் என்று எடுக்காதீர்கள். சுகம் நாட்கணக்கில் வராது, வாரங்களிலும் மாதங்களிலும்தான் வரும். ஆனால் பலருக்கு வரும்.

பெண்கள் ஒருநாளும் தள்ளிப்போடக் கூடாதது

பெண்களின் கதை வேறுபடுகிறது, ஏனென்றால் தொற்று மேலேறும். கருப்பை வாயில் தங்கிய கிளமிடியாவோ கொனோரியாவோ கருப்பைக்கும் பலோப்பியன் குழாய்களுக்கும் பரவினால் இடுப்பறை அழற்சி உண்டாகும். உறவின்போது ஆழத்தில் நோ, மாதவிடாய்க்கு இடையில் இரத்தக்கசிவு, மணத்துடனோ நிறம் மாறியோ வெள்ளைபடுதல், அடிவயிற்று நோ, காய்ச்சல் ஆகியவை அதன் அடையாளங்கள். இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே காட்ட வேண்டும். தாமதித்தால் குழாயில் தழும்பு விழும். தழும்பால் பிள்ளைப்பேறு தடைப்படலாம், கரு குழாயிலேயே தங்கலாம், இடுப்பு நோ வருடக்கணக்கில் நீளலாம்.

பெண்ணுக்குச் சலம் எரிந்தால் ‘சலத்தொற்று’ என்று மீண்டும் மீண்டும் ஒரே மருந்து கொடுக்கப்படுவதுண்டு. கல்ச்சரில் ஒன்றும் வளராமல் இரண்டு தடவை மருந்தெடுத்தும் மாறாவிட்டால், “பாலியல் தொற்றுக்கும் ஒருக்காப் பாக்கலாமோ டொக்டர்?” என்று நீங்களே கேளுங்கள். கேட்பதில் ஒரு குறையும் இல்லை. கணவனிடமிருந்து மனைவிக்கும் இந்தத் தொற்று வரலாம். உள்பரிசோதனைக்குப் பயந்தால் அதையும் சொல்லுங்கள். பெண் தானே பஞ்சுக்குச்சியால் எடுக்கும் மாதிரியிலும் கிளமிடியாவையும் கொனோரியாவையும் நம்பகமாகக் கண்டறியலாம். கர்ப்பமாக இருந்தால் முதலிலேயே சொல்ல வேண்டும், டொக்சிசைக்கிளின் போன்ற சில மருந்துகளைத் தவிர்க்க வேண்டியிருக்கும்.

தழும்பு, கருப்பை உட்படலம் வெளியே வளர்தல், சலப்பை நோ, இறுகிய இடுப்புத்தளம் எல்லாம் பெண்களில் ஒன்றோடொன்று கலந்து வரும். கிருமி போன பின்னும் நோ நீடித்தால் மகப்பேற்று, பெண்நோயியல் நிபுணரிடம் கடிதம் கேளுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை

மல்லாந்து படுத்து முழங்காலை மடியுங்கள். ஒரு கையை வயிற்றில் வையுங்கள். மூச்சை உள்ளே எடுக்கும்போது வயிறு எழும்பட்டும், மலவாசல் தளர்ந்து கீழே இறங்கட்டும். மெதுவாக வெளியே விடுங்கள். காலையும் இரவும் பத்து நிமிடம் போதும். இடுப்பை இறுக்கிப் பிடிக்கும் பயிற்சிகளை யாராவது சொன்னால் இப்போதைக்கு வேண்டாம். ஏற்கெனவே இறுகிய தசைக்கு அது கேடு. இளஞ்சூட்டு நீரில் கால் மணி நேரம் இடுப்பு மூழ்க இருப்பது நோவைத் தணிக்கும்.

சைக்கிள் சீற்று நோகும் இடத்தையே அழுத்துகிறது. நோ அடங்கும் வரை தூர ஓட்டத்தைக் குறையுங்கள், அல்லது நடுவில் பள்ளமுள்ள அகன்ற சீற்றுக்கு மாறுங்கள். மலச்சிக்கல் வர விடாதீர்கள்.

வெயில் காலத்தில் தண்ணீர் தாராளமாகக் குடியுங்கள். சலம் இளமஞ்சளாக இருந்தால் போதும். தேத்தண்ணி, கோப்பி, சோடா, மதுபானம், கடும் உறைப்பு ஆகியவை சிலருக்குச் சலப்பையைத் தூண்டும். ஒவ்வொன்றாக ஒரு வாரம் விட்டுப் பார்த்தால் உங்களுக்கு எது ஆகாது என்று தெரியும். இளநீரும் மோரும் குடிப்பது நல்லது, ஆனால் அவை தொற்றை மாற்றும் மருந்தல்ல. “சூடு” என்று சொல்லி உண்மையான தொற்றை மாதக்கணக்கில் மூடிவைக்காதீர்கள். சித்த வைத்தியரிடம் போவதென்றாலும் பரிசோதனை முடிவைக் கையில் கொண்டு போங்கள்.

கட்டாயம் விடவேண்டிய பழக்கங்கள் இரண்டு. கசிவு வருகிறதா என்று நாளுக்குப் பலமுறை குறியைப் பிதுக்கிப் பார்ப்பது ஒன்று. அந்தப் பிதுக்கலே சலக்குழாயைப் புண்ணாக்கிக் கசிவையும் எரிவையும் உண்டாக்கும். கிருமிநாசினித் திரவத்தாலும் வாசனைச் சவர்க்காரத்தாலும் கழுவுவது மற்றது. பச்சைத் தண்ணீர் போதும்.

துணையிடம் சொல்வது

பலர் வைத்தியசாலைக்குப் போகத் துணிந்தும் இந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள். நீண்ட விளக்கம் வேண்டாம். “எனக்கு ஒரு தொற்று எண்டு டொக்டர் சொன்னவர். நான் மருந்து எடுக்கிறன். உமக்கும் ஒருக்காப் பாக்கச் சொன்னவர், நானும் கூட வாறன்” என்று கணவன் சொல்லலாம். “நீங்களும் ஒருக்கா வந்து காட்டுங்கோ, இல்லாட்டி எனக்கு மாறாதாம்” என்று மனைவி சொல்லலாம். சொல்லவே முடியாத நிலை என்றால் நிலையத்து ஊழியரிடம் உதவி கேளுங்கள். துணையை அழைத்துப் பேசும் முறை அவர்களுக்குத் தெரியும். கலியாணம் நிச்சயமானவர்கள், நாள் குறிக்கும் முன்பே பரிசோதனையை முடியுங்கள். தொற்று மாறிய பின்னும் மூன்று மாதத்தில் இன்னொரு முறை சோதிப்பது திரும்பத் தொற்றியிருந்தால் காட்டித்தரும்.

உடனே ஓடவேண்டிய நேரங்கள்

திடீரென ஒரு விதையில் தாங்க முடியாத நோ வந்தால் விதை முறுகியிருக்கலாம்; ஆறு மணி நேரத்துக்குள் சத்திரசிகிச்சை செய்தால்தான் விதையைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம். விடியட்டும் என்று இருக்காதீர்கள். சலம் அடியோடு நின்றுவிட்டால், குளிர்க் காய்ச்சலுடன் இடுப்பு நோ வந்தால், கர்ப்பமாக இருக்கக்கூடிய பெண்ணுக்குக் கடும் வயிற்று நோவும் மயக்கமும் வந்தால் 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் கேளுங்கள்.

அவ்வளவு அவசரமில்லாவிட்டாலும் தள்ளிப்போடக் கூடாதவை சில: சலத்தில் இரத்தம், மாதங்கள் வருடங்கள் கழித்துச் சலத்தாரை மெலிதாகிப் பிரிந்து விழுவது, தொற்றுக்குச் சில வாரங்களின் பின் முழங்கால் வீங்கிக் கண் சிவப்பது. தாரை மெலிவது சலக்குழாய் ஒடுங்குவதன் அடையாளமாக இருக்கலாம். மூட்டும் கண்ணும் சேர்ந்து பாதிக்கப்பட்டால் அது தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினையாக இருக்கலாம். மனம் தாங்காமல் உயிரை மாய்க்கும் எண்ணம் வந்தால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை எந்த நேரமும் அழையுங்கள். இந்த நோயால் யாரும் சாகவேண்டியதில்லை.

கையில் கொண்டு போகும் தாள்

கிளினிக்கில் வைத்தியருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். அங்கே நாக்கு எழாமல் “சும்மா கொஞ்சம் கடுப்பு” என்று சொல்லித் திரும்புபவர்கள் ஏராளம். ஆகவே முதல் நாளே ஒரு தாளில் எழுதுங்கள்: உறவு நடந்த நாள், அறிகுறி தொடங்கிய நாள், எடுத்த மருந்துகளின் பெயர், அளவு, எத்தனை நாள், துணை மருந்து எடுத்தாரா, இப்போது எங்கே நோகிறது, எப்போது கூடுகிறது, பகலில் எத்தனை தடவை, இரவில் எத்தனை தடவை சலம் போகிறீர்கள். பழைய குளிசை அட்டைகளையும் பரிசோதனைத் துண்டுகளையும் கூடவே எடுங்கள். பெயர் தெரியாத குளிசையென்றால் வெற்று அட்டையே போதும்.

உறுப்புகளை வீட்டில் புழங்கும் சொற்களாலேயே எழுதுங்கள். 1847இல் இங்கு வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார், உடற்கூற்றியலும் சத்திரவைத்தியமும் தமிழ் நூல்களாயின. உடலின் எந்த உறுப்பையும் எந்த நோயையும் தமிழில் நேராகப் பேசிய மரபு இந்த மண்ணுக்கு உண்டு. சொல்ல வாய் வராவிட்டால் அந்தத் தாளை அப்படியே வைத்தியரிடம் நீட்டுங்கள். வாசித்ததும் அவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: எனக்கு இன்னும் கிருமி இருக்கிறதா? அதை எந்தப் பரிசோதனை காட்டும்? இல்லையென்றால் இந்த நோவுக்கு அடுத்து என்ன செய்வோம்? மூன்றுக்கும் விடை கிடைக்கும் வரை புதிய அன்ரிபயோட்டிக் எதையும் கடையில் வாங்காதீர்கள்.